வயதைக் கேட்டவர்களுக்குக் களத்தில் பதில்

"இந்த வயசுல இதெல்லாம் உனக்கு எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் காதில் வாங்காத பெண் நம்மிடையே இருக்க முடியாது. கேட்கிறவர் பெரும்பாலும் எதிரி இல்லை. அம்மாவாக இருப்பார், அத்தையாக இருப்பார், கட்டிய கணவராக இருப்பார். அக்கறையோடுதான் கேட்பார்கள். அதனாலேயே அது ஆழமாக இறங்குகிறது. எதிரி சொன்னால் சண்டை போடுவோம். வேண்டியவர் சொன்னால் அடங்கிப்போகிறோம். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கத் தேவையில்லாமல் போகிறது. நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறோம்.

தோழி, இதே கேள்வியைப் பல ஆண்டுகள் கேட்டுச் சலித்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று உன்னோடு பேசப்போகிறேன். ஸ்பெயின் நாட்டுக்காரர். பெயர் சாண்ட்ரா சான்செஸ். தொழில் கராத்தே.

2021 ஆகஸ்ட் 5. டோக்கியோவில் நிப்பான் புடோகான் அரங்கம். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ நடத்துவதற்காகக் கட்டிய இடம். தற்காப்புக் கலை பயில்கிறவர்களுக்கு அது கோயில் மாதிரி. கொரோனாவால் பார்வையாளருக்கு அனுமதி இல்லை; இருக்கைகள் காலியாகக் கிடந்தன. கராத்தேயில் மகளிர் கட்டா பிரிவின் இறுதிச் சுற்று. ஒரு பக்கம் ஜப்பானின் கியோ ஷிமிசு, 27 வயது, 2014-லும் 2016-லும் உலக சாம்பியன், சொந்த மண்ணில் நிற்கிறார். மறுபக்கம் சான்செஸ். வயது 39. அடுத்த மாதம் 40 நிறையப்போகிறது.

மதிப்பெண் வந்தது. ஷிமிசு 27.88. சான்செஸ் 28.06.

ஒலிம்பிக் வரலாற்றிலேயே கராத்தேவுக்கு வழங்கப்பட்ட முதல் தங்கப் பதக்கம், 40-ஐத் தொடப்போகும் ஒரு பெண்ணின் கழுத்தில் ஏறியது. 12 வயது இளையவரை வென்று ஏறியது. அவருடைய வயதைச் சொல்லித் தலையசைத்தவர்கள் எல்லாரும் அந்த நாள் எங்கே இருந்தார்களோ தெரியாது. எனக்கு அவர்கள் மேல் கோபம்கூட இல்லை. அவர்கள் பேச்சைக் கேட்டு வீட்டோடு முடங்கிப்போன எத்தனையோ சாண்ட்ராக்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவர் பிறந்தது 1981-ல், தலவேரா தெ லா ரெய்னா என்ற ஊரில். தாகோ ஆற்றங்கரையில், வண்ணப் பூச்சுப் பீங்கான்களுக்குப் பெயர் போன ஊர். பெற்றோருக்கு மகள் நடனம் கற்க வேண்டும் என்று ஆசை. மகளுக்கோ அண்ணன் போகும் கராத்தே வகுப்புக்குத்தான் போக வேண்டும். பிடிவாதம் ஜெயித்தது. 4 வயதில் வெள்ளைச் சீருடை போட்டவர் அதைக் கழற்றவே இல்லை.

கராத்தே என்றதும் இரண்டு பேர் மோதிக்கொள்வதுதான் பலர் மனதில் வரும். அது குமிதே. சான்செஸ் தேர்ந்தெடுத்தது கட்டா. எட்டு மீட்டர் சதுர விரிப்பில் நீ ஒருத்தி மட்டும். எதிரே ஆள் கிடையாது. முன்னோர் வகுத்து வைத்த தாக்குதலும் தடுப்பும் கொண்ட வரிசை ஒன்றை, கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் நாலா பக்கமும் சூழ்ந்திருப்பதாக மனதில் நிறுத்திச் செய்துகாட்ட வேண்டும். எந்தக் கட்டா என்பதன் பெயரை முதலில் நீயே உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு உதவிக்கு யாரும் இல்லை. எதிராளி தடுமாறினான், அதனால் நான் ஜெயித்தேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. 

இறுதிச் சுற்றில் அவர் சொன்ன பெயர் சாத்தன்யாரா கூஷாங்கு. ஒகினாவாவின் பழம்பெரும் கட்டாக்களில் ஒன்று. நீளமானது, மூச்சை வாங்குவது. அதில் ஒரே ஒரு திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உடம்பு தாழ்ந்து, எடை முழுக்கப் பின்னங்காலில் இருக்கிறது. அங்கிருந்து இடுப்பு சுழன்று, கால் தரையைத் தேய்த்து நகர்ந்து, கை நீள வேண்டும். கை நீண்டு நிற்கும் அதே கணத்தில் குதிகால் தரையில் அழுந்தியிருக்க வேண்டும், மூச்சு வெளியேறியிருக்க வேண்டும், கண் அடுத்த திசையைப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். சரியாக அமைந்தால் பருத்திச் சீருடை 'படார்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். குதிகால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் நடுவர் கண்ணில் பட்டுவிடும். இந்த ஒரு திருப்பத்தைக் கண்ணாடி முன்னால் நின்று, பின் வீடியோவில் பார்த்து, மறுபடி நின்று, மாதக் கணக்கில் செதுக்குகிறார்கள். ஒரு கட்டாவில் இப்படிப் பல பத்து அசைவுகள். டோக்கியோவில் பதக்கத்துக்குப் போட்டியிட்டவர் ஒரே நாளில் நான்கு வெவ்வேறு கட்டாக்களைச் செய்ய வேண்டியிருந்தது. செய்ததைத் திரும்பச் செய்ய அனுமதி இல்லை.

இப்படிப்பட்ட கலையில், இளம் வயதிலேயே சான்செஸுக்கு நல்ல வாய்ப்பு வந்தது. மாட்ரிட் நகரின் உயர்திறன் விளையாட்டு மையத்தில் பயிற்சி. அங்கே இடம் கிடைப்பதே பெரிது. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குப் புற்றுநோய்.

அவர் அதை விட்டுவிட்டு அம்மாவிடம் போனார்.

அந்த முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு நா எழாது. நம் வீடுகளில் லட்சக்கணக்கான பெண்கள் எடுக்கும் முடிவு அது. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று படிப்பை நிறுத்தியவள், குழந்தைக்காக வேலையை விட்டவள், மாமியாருக்குத் துணையாக ஊர் மாறியவள். போனது சரி. ஆனால் போனதற்கான விலையை உலகம் ஈவு இரக்கமின்றி வசூலித்தது. தேசிய அணியின் கதவு அதற்குப் பிறகு வெகுகாலம் திறக்கவே இல்லை. 20-கள் கரைந்தன. அவரோடு பழகியவர்கள் ஓய்வு பெறத் தொடங்கினார்கள். நடுவில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கொஞ்ச காலம் இருந்தார். விளையாட்டு அறிவியல் படித்தார். கராத்தே வட்டாரத்தில் அவரை 'வயதாகிவிட்டது' என்ற கணக்கில் எழுதிவைத்தார்கள்.

இங்கேதான் நீ நிமிர்ந்து உட்கார வேண்டும்.

யாரும் கூப்பிடாத அந்த ஆண்டுகளில் அவர் பயிற்சியை நிறுத்தவில்லை. தேர்வுக் குழு பார்க்கவில்லை. தொலைக்காட்சி வரவில்லை. பரிசுத்தொகை இல்லை. அடுத்த வருடம் கூப்பிடுவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இருந்தும் மாலையானால் கச்சையைக் கட்டிக்கொண்டு விரிப்பில் ஏறினார். தன்னம்பிக்கை, தன்னம்பிக்கை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அதை நான் பார்ப்பது அந்த மாலைகளில்தான். கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு முறை சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வாய் சொல்வதை மனம் நம்பாது. நேற்று செய்தாய், இன்றும் செய்தாய் என்றால் மனம் நம்பும். நம்பித்தான் தீர வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை.

ஹெசூஸ் தெல் மோரால் என்ற பயிற்சியாளரிடம் அவர் பயிலத் தொடங்கினார். பின்னாளில் அவரையே மணந்தார். 30-ஐத் தாண்டிய பிறகுதான் தேசிய அணியில் இடம் கிடைத்தது. கிடைத்ததும் என்ன நடந்தது தெரியுமா? 2015-ல் இஸ்தான்புல்லில் ஐரோப்பிய சாம்பியன். 33 வயது. அடுத்த ஆண்டும் சாம்பியன். அதற்கடுத்த ஆண்டும். 2018, 2019, 2021, 2022. கொரோனாவால் போட்டியே நடக்காத 2020-ஐத் தவிர ஒரு வருடம்கூட அந்தப் பட்டத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2016-ல் உலகப் போட்டியில் வெண்கலம். 2018-ல் மாட்ரிட் நகரில், சொந்த மக்கள் ஆர்ப்பரிக்க, ஷிமிசுவை வீழ்த்தி உலக சாம்பியன். 2021 நவம்பரில் துபாயில் மறுபடியும் உலக சாம்பியன். அப்போது 40 வயது நிறைந்துவிட்டது.

இந்தப் பட்டியலைவிட என்னை உலுக்குகிற விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார். அவருக்கு 20 வயது இருந்தபோது ஒலிம்பிக்கில் கராத்தேவே கிடையாது. 25 வயதில் கிடையாது. 30 வயதிலும் கிடையாது. டோக்கியோவில் கராத்தே உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் குழு முடிவெடுத்தது 2016 ஆகஸ்டில்தான். அப்போது அவருக்கு 34. 'சரியான வயதில்' எல்லாம் நடந்து, 30 வயதில் கௌரவமாக ஓய்வு பெற்றிருந்தால், அந்தக் கதவு திறந்தபோது அவர் வீட்டில் டீவியில்தான் அதைப் பார்த்திருப்பார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தேவை எடுத்துவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இடம் இல்லை. ஆக, ஒரே ஒரு முறை திறந்து மூடிய கதவு அது. அது திறந்த அந்த நாளில் வாசலில் தயாராக நின்றார் அவர்.

தாமதம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அம்மாவின் நோய் நல்லதா? நிராகரிப்பு நல்லதா? துன்பத்துக்குப் பொன்முலாம் பூசுகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. நான் சொல்வது, உனக்கான வாய்ப்பு இன்னும் இந்த உலகத்தில் உருவாகவே இல்லாமல் இருக்கலாம். அது உருவாகும் நாளில் உன் கையில் பயிற்சி இருக்கிறதா, இல்லை வருத்தம் மட்டும் இருக்கிறதா?

இன்னொரு அடியும் விழுந்தது. 2020 மார்ச்சில் ஒலிம்பிக்கை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். 22 வயதுப் பெண்ணுக்கு ஒரு வருடம் போனஸ். 38 வயதுப் பெண்ணுக்கு அது எத்தனை பாரம் என்று யோசி. ஸ்பெயினில் அப்போது வீட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாத ஊரடங்கு. வீட்டுக்குள் கிடைத்த இடத்தில் பயிற்சி தொடர்ந்தது. 'கடவுளே இல்லையா' என்று உட்கார்ந்துவிட அதைவிட நல்ல சாக்கு எவருக்கும் கிடைத்திருக்காது. 

சரி, 39 வயது உடம்பு 27 வயது உடம்பை எப்படி மிஞ்சியது? இதில் மாயம் ஒன்றும் இல்லை. டோக்கியோவில் இருந்த விதிப்படி கட்டாவுக்கு 7 நடுவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். நிலை, நுட்பம், அசைவுக்கு அசைவு மாறும் விதம், மூச்சு, மனக்குவிப்பு ஆகியவற்றுக்கு ஒன்று. அது மொத்தத்தில் 70 சதவீதம். வலிமை, வேகம், சமநிலைக்கு மற்றொன்று. அது 30 சதவீதம். வயது எதையாவது பறித்துக்கொள்ளும் என்றால் அந்த 30-ல்தான் கை வைக்கும். அந்த 70 இருக்கிறதே, அதில் பழக்கம் ஏற ஏற மெருகு ஏறும். 35 வருடம் ஒரே நிலையில் நின்ற காலுக்கு ஒரு ஞானம் வந்துவிடுகிறது. அதை எந்த இருபது வயதும் ஒரே வருடத்தில் வாங்கிவிட முடியாது. அந்த 30-ஐயும் அவர் சும்மா விட்டுவிடவில்லை, இளையவர்களுக்குச் சமமாக உடம்பைப் பிடித்துவைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உன் தொழிலிலும் இந்த 70-ம் 30-ம் இருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்காமலே 'எனக்கு வயசாயிடுச்சு' என்று மொத்தத்தையும் கைகழுவி விடுகிறாயே, அது நியாயமா?

அதே விதியில் இன்னொரு அம்சம் எனக்கு மிகவும் பிடிக்கும். 7 நடுவர் போட்ட மதிப்பெண்களில் மிக உயர்ந்த இரண்டையும் மிகத் தாழ்ந்த இரண்டையும் அடித்துவிடுவார்கள். நடுவில் மிஞ்சும் மூன்றைத்தான் கூட்டுவார்கள். உன் வாழ்க்கையிலும் இதைச் செய்து பார். 'நீ பிறவி மேதை' என்று தூக்கிப் பிடிக்கிற இரண்டு பேர் இருப்பார்கள். 'உனக்கெல்லாம் எதுக்கு' என்று மிதிக்கிற இரண்டு பேர் இருப்பார்கள். இரண்டு தரப்பையும் கணக்கிலிருந்து அடித்துவிடு. புகழ்ச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நடுவில் நின்று, 'குதிகால் நகருது, சரி பண்ணு' என்று சொல்கிறவர்கள் இருப்பார்களே, அவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

நம் ஊர்ப் பக்கம் வா. எந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் மாலையில் பார்த்தாலும் கராத்தே வகுப்பு நடக்கிறது. "இச், நி, சான்" என்று தொண்டை கிழிய எண்ணிக்கொண்டு, சிவந்த முகத்தோடு பெண் பிள்ளைகள் குத்து விடுகிறார்கள். மஞ்சள் பெல்ட், பச்சை பெல்ட், பிரவுன் பெல்ட். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் வரிசை பாதியாகிவிடுகிறது. பொதுத் தேர்வு என்பார்கள். 'வயசுக்கு வந்த பிள்ளை இருட்டுல வரணுமா' என்பார்கள். சீருடை துவைத்து மடித்து பீரோவுக்குள் போகும். அதே வகுப்பில் பையன்கள் தொடர்ந்து வருவார்கள். அவர்களுக்கும் அதே பொதுத் தேர்வுதான், அதே இருட்டுதான். பெற்றோரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வாரம் இரண்டு மாலையாவது அந்தப் பிள்ளையை விடுங்கள். கூட்டிக்கொண்டு வர ஒருவர் போங்கள். இருட்டுக்குப் பயந்து, இருட்டில் தன்னைக் காத்துக்கொள்ளும் வித்தையையா நிறுத்துவது?

உழைத்தால் எல்லாருக்கும் தங்கம் கிடைக்கும் என்று உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த இறுதிச் சுற்றில் ஷிமிசுவும் அதே சாத்தன்யாரா கூஷாங்குவைத்தான் செய்தார். அவரும் குழந்தைப் பருவத்திலிருந்து உழைத்தவர்தான். சொந்த நாட்டில், வாழ்நாளில் ஒரே முறை வந்த ஒலிம்பிக்கில், 0.18 மதிப்பெண்ணில் தங்கம் கை நழுவியது. அந்த இரவு அவருக்கு எப்படி விடிந்திருக்கும்? ஆனால் அவர் 2014-லும் 2018-லும் ஆசிய விளையாட்டில் வென்ற தங்கத்தை, 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் மூன்றாம் முறையாக வென்றார். டோக்கியோவில் தோற்றதோடு கச்சையைக் கழற்றி வைத்திருந்தால் அது இல்லை. வென்றவரிடம் நான் படித்த பாடமும் தோற்றவரிடம் படித்த பாடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

சான்செஸ் தங்கம் வென்று இரண்டு நாள் கழித்து அதே புடோகானில் எகிப்தின் ஃபெரியால் அப்தெலஅஜீஸ் குமிதேயில் தங்கம் வென்றார். வயது 22. எகிப்துப் பெண் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. ஒரே அரங்கம், ஒரே கலை. ஒருவருக்கு 39, ஒருவருக்கு 22. எந்த வயது சரியான வயது, நீயே சொல்.

சான்செஸ் 2022-ல், அமெரிக்காவின் பர்மிங்காமில் நடந்த உலக விளையாட்டுகளில் இன்னொரு தங்கத்தோடு போட்டிக் களத்திலிருந்து விடைபெற்றார். நிறுத்தும் நாளை அவரே குறித்தார். வேறு எவரும் குறிக்க அவர் விடவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கராத்தேதான் என்று இல்லை. பாட்டோ, வக்கீல் படிப்போ, பாதியில் விட்ட ஆராய்ச்சியோ, எதுவானாலும் சரி. கராத்தே என்றே வைத்துக்கொள்வோம், அதில் சாக்குச் சொல்ல முடியாது. பச்சை பெல்ட்டோடு விட்டுப் பதினேழு வருடம் ஆகிறதா? பக்கத்து வகுப்பு மாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொல். முட்டி வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பார், பிறகு மாஸ்டரிடமும் சொல்லிவை. மெதுவாகத் தொடங்கச் சொல்வார். வகுப்பில் வரிசை வயதுப்படி நிற்காது, பெல்ட்படிதான் நிற்கும். மறுபடி வெள்ளை பெல்ட்டிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டால், எட்டு வயதுச் சிறுமிக்குப் பின்னால்தான் உனக்கு இடம். போய் நில். 'ஆன்ட்டி, முட்டிய இன்னும் மடக்குங்க' என்று அவள் திரும்பிச் சொல்வாள். மடக்கு. முதல் வாரம் தொடை வலியில் மாடிப்படி ஏற முடியாது. வீட்டில் அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்ல நிற்காதே, வகுப்புக்கு நேரமாகிவிடும். இரண்டாவது வாரமும் போ.